பதியும் வேளை

விடியவில்லை. மழை விட்டிருக்கிறது. ஓட்டு விளிம்பில் சொட்டுகள் மட்டும்.

ஒரு சொட்டு.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு இன்னொன்று.

*

விழுந்த சொட்டின் ஓசை இப்போது எங்கே? காற்றில் இல்லை. காதிலும் இல்லை. ஆனாலும் அடுத்தது விழும்வரை ஏதோ ஒன்று நிற்கிறது.

கேட்ட ஒலியின் சாயல் மூளையில் இரண்டு மூன்று விநாடி தங்கும். கண்ணில் பட்டதன் சாயல் ஒரு விநாடிகூடத் தங்காது. அதற்குள் கவனம் வந்து தொட்டால் உண்டு. தொடாதது கரைகிறது.

பெரும்பாலானவை கரைகின்றன. இழந்ததாகவே தெரிவதில்லை.

*

வித்துரா. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கிழக்கே அகத்தியர் மலை. 1868 மீட்டர். இன்று மேகத்துக்குள். மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, பாபநாசம், தாமிரபரணி. இரண்டு பக்கமும் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன.

மருதாமலையில் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனம். 2008இல் தொடங்கியது. கல்லாற்றுப் பக்கம் மொட்டமூடு. அது லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர்.

இரண்டு இடத்திலும் ஒரே மழை.

*

லட்சுமிக்குட்டி அம்மா காணிக்காரப் பெண். விஷக்கடிக்கு வைத்தியம் பார்ப்பவர். 2018இல் பத்மஸ்ரீ விருது வந்தபோது செய்தித்தாள்கள் எல்லாம் ஒரே எண்ணை எழுதின. 500 மருந்துகள். நினைவிலிருந்தே செய்வார் என்றன.

அவருடைய தாய் காட்டில் பிரசவம் பார்த்தவர். தாயிடமிருந்து மகளுக்கு வந்த அறிவு.

500 என்ற எண் மனதில் நிற்கிறது. அதற்குள் ஒரு மருந்தும் தெரியவில்லை.

*

எண்ணை விட்டுவிட்டு ஒரே ஒரு மருந்து.

ஒரு இலை. அது எந்த ஓடைக்கரையில் நிற்கிறது. எந்த மாதத்தில் துளிர்க்கிறது. கசக்கினால் என்ன மணம். எதோடு சேர்த்து அரைப்பது. எவ்வளவு. யாருக்குக் கொடுத்தது. கொடுத்த அன்று இரவு என்ன நடந்தது. தாய் எந்தக் குரலில் அதைச் சொன்னாள்.

ஒரு மருந்துக்குள் இத்தனை.

500 என்பது 500 தனித்தனிப் பொருளாக இருக்க முடியாது. ஒன்றைத் தொட்டால் பத்து அசையும்.

*

1972இல் ஃபெர்கஸ் கிரெய்க், ராபர்ட் லாக்ஹார்ட் என்ற இரு உளவியலாளர்கள் சொன்னது இதன் பக்கத்தில் வருகிறது. ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தை மட்டும் பார்த்தவர் சீக்கிரம் மறக்கிறார். அதன் பொருளோடு ஏதாவது செய்தவர் நெடுநாள் வைத்திருக்கிறார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதைவிட, பார்க்கும்போது மனம் எவ்வளவு ஆழம் போனது என்பதுதான் கணக்கு.

ஆழம்.

சொல்லைப் படித்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன்.

*

ஹெர்மன் எபிங்ஹவுஸ், 1885. பொருளே இல்லாத அசைகளை உருவாக்கினார். சுமார் 2,300. அவற்றை வரிசை வரிசையாகத் தாமே மனப்பாடம் செய்தார். தாமே மறந்தார். மறந்ததை அளந்தார்.

ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கப்புறம் மெதுவாக.

நினைவை மட்டும் தனியே பார்க்க விரும்பி, பொருளை எடுத்துவிட்டார். மறதியின் வடிவம் துலங்கியது.

*

புகைப்புரையிலிருந்து மணம். ரப்பர் ஷீட் காய்கிறது. புளிப்பும் புகையும்.

பெயர் வருமுன் நெஞ்சில் ஏதோ அசைகிறது. பிறகுதான் ரப்பர் என்ற சொல்.

பார்வை, ஒலி, தொடுகை எல்லாம் மூளையின் நடுவில் உள்ள தலாமஸில் இறங்கி ஏறித்தான் மேல் அடுக்குக்குப் போகின்றன. மணம் அங்கே இறங்காமலே போகிறது. மூக்கின் கூரையிலிருந்து முகர்குமிழ். அங்கிருந்து அச்சமும் ஆசையும் கிளரும் அமிக்டலா. அதை ஒட்டி ஹிப்போகாம்பஸின் வாசல்.

ஏதோ ஒரு பழைய பிற்பகல் எழுந்து, முகம் காட்டாமல் அடங்குகிறது. அது எந்த ஊர் என்று தேடவில்லை.

*

கணுக்காலில் ஈரம். குனிந்தால் ரத்தம். அட்டை விழுந்துவிட்டிருக்கிறது.

கடித்தது தெரியவில்லை. குடித்தது தெரியவில்லை. தோலுக்கு நடந்த ஒன்று மனதுக்கு நடக்கவில்லை.

கடித்த கணம் என்று ஒன்று என்னிடம் இல்லை. இனியும் இருக்காது.

ரத்தம் நிற்க நேரமாகிறது. உறையவிடாத பொருளை அது விட்டுச் சென்றிருக்கிறது.

*

ஹிப்போகாம்பஸ். காதுகளுக்கு உள்ளே, ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்று. சுண்டுவிரல் நீளம். வெட்டி எடுத்துப் பார்த்தவர்கள் கடற்குதிரையைக் கண்டார்கள்.

இந்தக் காலை முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. சொட்டு ஒரு பக்கமிருந்து, புகை ஒரு பக்கமிருந்து, கணுக்காலின் ஈரம் இன்னொரு பக்கமிருந்து. தனித்தனி இடங்களில் எழுந்தவை அங்கே ஒன்றாகக் கட்டப்படுகின்றன. பிறகு ஒன்றை இழுத்தால் மற்றவை வரும்.

கட்டுவது நடக்கும்போது எதுவும் தெரிவதில்லை. தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

*

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. நடுவில் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரில் 50,000இல் ஒரு பங்கு.

பேசுவதெல்லாம் அந்த இடைவெளிக்குக் குறுக்கே.

*

ஒரு அணு குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை விடுகிறது. அக்கரையில் உள்ள அணுவில் இரண்டு வகை வாசல்கள். ஒன்று உடனே திறக்கும். இன்னொன்றின் பெயர் என்எம்டிஏ. அதன் துளையில் மக்னீசியம், வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட ஆளைப்போல. குளூட்டமேட் வந்து தட்டினாலும் எழாது.

வந்த செய்தி வலுவாக இருக்க வேண்டும். அல்லது வேறு பக்கத்திலிருந்தும் அதே நேரத்தில் செய்தி வர வேண்டும். அக்கரை அணு ஏற்கெனவே கிளர்ந்திருக்க வேண்டும். அப்போது மக்னீசியம் விலகுகிறது. கால்சியம் உள்ளே வருகிறது.

கால்சியம் வந்த பிறகு அந்த இடம் பழைய இடம் இல்லை. திறக்கும் வாசல்கள் கூடுகின்றன. அடுத்த முறை அதே செய்தி இன்னும் எளிதாகக் கடக்கும்.

வருவதும் வேண்டும். வரும்போது அங்கே விழிப்பும் வேண்டும். இரண்டும் ஒரே வேளையில்.

*

ஒரே வேளையில்.

இதற்கு மேல் எழுதக் கை போகவில்லை.

*

1949இல் டொனால்ட் ஹெப் இதை ஊகமாக எழுதினார். சேர்ந்து கிளரும் அணுக்களின் இணைப்பு வலுப்படும் என்று. 1973இல் டிம் பிளிஸ், டேர்யே லோமோ இருவரும் முயலின் ஹிப்போகாம்பஸில் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். சிறிது நேரம் விரைவாகத் தூண்டினார்கள். இணைப்பு வலுத்தது. மணிக்கணக்காக அப்படியே இருந்தது.

சில விநாடித் தூண்டல். மணிக்கணக்கான மாற்றம்.

முயல் மயக்கத்தில் இருந்தது.

*

வெயில் வருகிறது. ஈரச் சாலையிலிருந்து ஆவி எழுகிறது.

பொன்முடிப் பேருந்து. கல்லாறு தாண்டியதும் வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. உடல் இடப்பக்கம் சாய்கிறது. வலப்பக்கம் சாய்கிறது.

எண்கள் மனதில் ஒட்டவில்லை. சாய்வு ஒட்டுகிறது.

*

வளைவுக்கு வளைவு காற்று குளிர்கிறது. காது அடைக்கிறது. புல்வெளி தொடங்குகிறது.

மலைமேல் எலுமிச்சைப்புல். ஒரு தாளைக் கிள்ளி விரலில் தேய்க்கிறேன். தேய்த்த விரலை முகர்கிறேன்.

இங்கே ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை.

*

1971இல் ஜான் ஓகீஃப், எலியின் ஹிப்போகாம்பஸில் ஒரு வகை அணுவைக் கண்டார். எலி ஓர் இடத்துக்கு வந்தால் ஓர் அணு துடிக்கும். இன்னோர் இடத்துக்குப் போனால் வேறொன்று. அறை முழுவதும் அணுக்களில் எழுதப்பட்டிருந்தது. 2014இல் அவருக்கும், அதை அடுத்த படிக்குக் கொண்டுபோன மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவருக்கும் நோபல் பரிசு.

நினைவைக் கட்டும் அதே உறுப்பு இடத்தையும் அறிகிறது. எங்கே என்பது எதற்கும் அடியில் இருக்கிறது.

காட்டில் மருந்து தேடிப் போகும் காலும் அங்கேதான் எழுதப்படுகிறது.

*

1975இல் ஸ்காட்லாந்துக் கடலில் ஒரு சோதனை. முக்குளிப்பவர்களுக்குச் சில சொற்களை நீருக்கு அடியில் கொடுத்தார்கள். சிலவற்றைக் கரையில். நீருக்கடியில் கற்றவை நீருக்கடியில் அதிகம் நினைவுக்கு வந்தன. கரையில் கற்றவை கரையில். கோடன், பேட்லி என்ற இருவர் எழுதியது.

2021இல் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்த வேறுபாடு தெரியவில்லை.

இரண்டு முடிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்படியே இருக்கட்டும்.

*

கல்லாறு. உருண்டைப் பாறைகள். நீர் அவற்றுக்கு நடுவில் போகிறது. பாதம் நனைத்தால் எலும்புவரை குளிர்.

மேலே ஒரு குருவி விசிலடிக்கிறது. கருநீல உடல். தோளில் மின்னும் நீலம். ஒரு பையன் அக்கறையில்லாமல் சீட்டியடிக்கிற மெட்டு. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, தெரியவில்லை.

மனதுக்குள் திருப்பிப் பாடிப் பார்க்கிறேன். ஜீப் ஒன்று பாலம் கடக்கிறது. மெட்டு இல்லை.

*

கையில் ஏந்தக்கூடிய அளவு அவ்வளவுதான். 1956இல் ஜார்ஜ் மில்லர் ஏழு என்றார், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். பின்னால் வந்தவர்கள் நான்கு என்கிறார்கள்.

நான்கு பொருள். அதற்கும் ஓயாமல் உள்ளே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வேறொன்று வந்தால் ஒன்று விழும்.

*

வித்துராவும் இருந்த பழைய திருவிதாங்கூர் மன்னராட்சியின் தெற்கு ஓரத்தில் இடலாக்குடி. இன்று நாகர்கோவிலுக்குள். அங்கே 1874இல் செய்குத்தம்பிப் பாவலர் பிறந்தார். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார்.

அவதானம் என்றால் ஒருவர் ஈற்றடி கொடுப்பார், வெண்பா பாட வேண்டும். ஒருவர் கணக்குக் கொடுப்பார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார். ஒருவர் முதுகில் நெல்மணி எறிவார். எத்தனை விழுந்தன என்று கடைசியில் சொல்ல வேண்டும். யாரும் காத்திருக்கமாட்டார்கள். சதம் என்றால் நூறு.

நூறையும் ஒருவர் ஏந்தினார்.

முதுகில் விழும் ஒரு நெல்மணியின் எடையை நினைத்துப் பார்க்கிறேன். சட்டைக்கு மேல் அது எப்படி இருக்கும்.

*

மதியம். சோறு. மோர். கண் செருகுகிறது.

*

1953. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரம். ஹென்றி மொலைசன், 27 வயது. வலிப்பு நிற்க வேண்டும் என்று வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்தார்.

வலிப்பு குறைந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் புதிய நாள் எதுவும் சேரவில்லை. சிறுவயது இருந்தது. பேச்சு இருந்தது. பண்பு இருந்தது. காலையில் சந்தித்தவர் அறைக்கு வெளியே போய் வந்தால் புதியவர்.

2008இல் இறந்தார். 55 ஆண்டுகள்.

அவற்றை அவர் வாழவில்லை என்று சொல்ல முடியாது. வாழ்ந்தார். தங்கவில்லை.

*

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் மொலைசனைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். கை எதிர்ப்பக்கம் போயிற்று. கோடு தப்பியது. அடுத்த நாள் குறைவாகத் தப்பியது. மூன்றாம் நாள் கை நேராகப் போயிற்று.

ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள். கைக்கு இல்லை.

*

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். அங்கே வலிப்பு நோய்க்கென்றே ஒரு மையம், மாதவன் நாயர் பெயரில். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். ஒரு பக்கத்தில் மட்டும். கத்தி தொடுவதற்கு முன்னால் நினைவைச் சோதிக்கிறார்கள். சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்கிறார்கள். படம் காட்டி எடுத்துவிட்டு வரையச் சொல்கிறார்கள். மற்றப் பக்கம் தாங்குமா என்று பார்க்கிறார்கள்.

மொலைசனுக்குப் பிறகுதான் இந்தச் சோதனையெல்லாம். அவர் இழந்தது இங்கே, தென்கோடியில், யாரோ ஒருவருடைய நாளைக் காக்கிறது.

அவருக்கு அது தெரியாது. சொன்னாலும் தங்கியிருக்காது.

நெஞ்சு கனக்கிறது. கனம் சிறிது நேரம் இருக்கிறது.

*

போனக்காடு. அகத்தியர் மலைக்கு நடக்கத் தொடங்குமிடம். பழைய தேயிலைத் தோட்டம். லயங்களில் தமிழ்ப் பேச்சு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள்.

ஒரு முதியவர் கொழுந்து கிள்ளுவதைக் காட்டுகிறார். செடி இல்லை. வெறும் காற்றில். இரண்டு இலை, ஒரு மொட்டு. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்கின்றன, மணிக்கட்டு திரும்புகிறது, கை தோளுக்குப் பின்னால் போகிறது. அங்கே கூடை இல்லை.

கை நிற்கிறது. அவர் வேறு எங்கோ பார்க்கிறார்.

இந்த நினைவுக்கு ஹிப்போகாம்பஸ் தேவைப்படுவதில்லை. சிறுமூளை, அடி முடிச்சுகள். சொல்லாத இடங்கள்.

*

கடல் முயல் என்று ஒரு நத்தையினம். ஓடு வெளியே தெரியாது. நரம்பணுக்கள் சுமார் 20,000. எரிக் காண்டல் அதோடு ஆண்டுக்கணக்கில் இருந்தார். வாலில் ஒரு முறை அதிர்ச்சி கொடுத்தால் சில நிமிடங்களுக்குச் செவுளைச் சட்டென்று இழுக்கும். பிறகு மறக்கும். ஐந்து முறை, இடைவெளி விட்டுக் கொடுத்தால் நாள்கணக்கில் மறக்காது.

குறுநினைவுக்கு இருப்பதே போதும். இருக்கும் இணைப்பில் சற்று வலு கூடும், அவ்வளவுதான். நெடுநினைவுக்கு அணுவின் கருவரை செய்தி போக வேண்டும். மரபணு திறக்க வேண்டும். புதிய புரதம் பிறக்க வேண்டும். புதிய முனைகள் முளைக்க வேண்டும்.

முளைக்கின்றன. உடலில் ஒரு பாகம் வளர்கிறது.

2000இல் அவருக்கு நோபல்.

*

இடைவெளி விட்டு.

ஐந்தையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் கொடுத்தால் அந்த அளவு பதிவதில்லை. ஒன்றுமில்லாத நேரம் நடுவில் வேண்டும்.

ஒன்றுமில்லாத நேரத்தில்தான் அணு தன் வேலையைப் பார்க்கிறது.

*

காணிக்காரர்களிடம் சாற்றுப்பாட்டு உண்டு. நோய் தீரப் பாடுவது. பாடுபவர் பிலாத்தி. கையில் கொக்கரை. இரும்புக் குழல், ஓரம் முழுக்கப் பல். இரும்புக் கம்பியால் உரச உரச ஓசை. இரவெல்லாம் போகும்.

பாட்டு தாளில் இருந்து வந்ததில்லை. தாளம் ஒன்றைக் கொண்டுவருகிறது, ஒன்று அடுத்ததைக் கொண்டுவருகிறது. நடுவிலிருந்து ஓர் அடியைக் கேட்டால் வராமல் போகலாம். முதலிலிருந்து தொடங்கினால் அந்த இடம் வரும்போது தானே வரும்.

இரும்போடு இரும்பு உரசும் ஓசை பல்லில் கூசுகிறது. கூச்சமும் பாட்டோடு சேர்ந்து பதிகிறது.

*

பாம்பு கடித்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் நினைவிருக்கும். என்ன நேரம். விளக்கு எங்கே இருந்தது. யார் ஓடினார்கள். யார் அலறினார்கள்.

அச்சத்தில் அட்ரினலின் சுரக்கிறது. அமிக்டலா ஹிப்போகாம்பஸை உலுக்குகிறது. இதைப் பதி என்கிறது. அந்த இரவு ஆழமாக இறங்குகிறது.

அச்சம் நாள்கணக்கில் தொடர்ந்தால் வேறு கதை. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002இல் எலிகளில் கண்டது. நீண்ட நெருக்கடியில் ஹிப்போகாம்பஸ் அணுக்களின் கிளைகள் சுருங்குகின்றன. அமிக்டலா அணுக்களின் கிளைகள் படர்கின்றன.

நினைக்கும் இடம் குறுகுகிறது. அஞ்சும் இடம் விரிகிறது.

*

லட்சுமிக்குட்டி அம்மா, வந்தவரோடு முதலில் பேசுவார் என்று எழுதியிருக்கிறார்கள். வெகுநேரம் பேசுவார். மருந்து அதற்குப் பிறகு.

*

காட்டோரம். காலடியில் ஒரு தாழ்ந்த செடி. நெஞ்சுவடிவ இலை. அதுவா இல்லையா, தெரியவில்லை.

ஆரோக்கியப்பச்சை. இதே அகத்திய மலைக்காடு. 1987இல் பி. புஷ்பாங்கதனின் தலைமையில் தாவரவியலாளர்கள் காட்டுக்குள் போனார்கள். வழிகாட்டியாக வந்த காணிக்கார இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். களைக்கவில்லை. கொடுத்ததை வாங்கித் தின்ற தாவரவியலாளர்களுக்கும் களைப்பு நீங்கியது. என்ன காய் என்று கேட்டார்கள். எளிதில் சொல்லிவிடவில்லை. பிறகு காட்டினார்கள்.

வித்துராவிலிருந்து சற்றுத் தள்ளிப் பாலோடு. அங்கே உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தில் ஆய்வு நடந்தது. ஜீவனி என்ற மருந்து பிறந்தது. 1995இல் கோவை ஆரிய வைத்தியப் பார்மசிக்குத் தயாரிக்கும் உரிமை. வந்த பணத்தில் ஒரு பங்கு காணிக்காரர்களுக்கு. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை.

ஒரு நினைவு காட்டைவிட்டு வெளியே வந்தது.

*

காட்டியவர்களுக்கு அந்தக் காய் எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் நடந்து களைத்த ஒரு நாள், பெரியவர் ஒருவர் குனிந்து பறித்துக் கொடுத்திருப்பார். களைப்பு இருந்தது. காய் வந்தது. கால் இலகுவானது. மூன்றும் ஒரே வேளையில்.

பாடமாக யாரும் நடத்தியிருக்க வேண்டியதில்லை.

*

மாலை. மறுபடி மேகம். வெளிச்சம் பழுக்கிறது.

காலையில் முகர்ந்த எலுமிச்சைப்புல்லை நினைவில் கொண்டுவருகிறேன். வருகிறது. ஆனால் அது காலையில் இருந்த மணமா? இப்போது அதில் மாலை கலந்திருக்கிறது.

2000இல் கரிம் நாடர், கிளென் ஷாஃபி, ஜோசப் லெடூ மூவரும் எலிகளில் கண்டது. முன்பே பதிந்த அச்சத்தை எலிக்கு நினைவூட்டினார்கள். அந்த வேளையில் அமிக்டலாவில் புரதம் உண்டாகாமல் தடுத்தார்கள். அச்சம் திரும்பி வரவில்லை. நினைவூட்டாத எலிகளில் அது அப்படியே இருந்தது.

எடுத்துப் பார்த்த நினைவு இளகுகிறது. மறுபடி எழுதப்பட்டால்தான் நிற்கிறது.

அடிக்கடி எடுத்தது அடிக்கடி எழுதப்பட்டது. தொடாமல் கிடப்பதுதான் பழையதுக்கு மிக அருகில் இருக்கிறதோ என்னவோ.

*

இந்தக் குறிப்பும் எடுத்துப் பார்ப்பதுதான். எழுத எழுதக் காலை மாறுகிறது. சொட்டின் ஓசை இப்போது எழுதிய சொல்லின் ஓசையாக இருக்கிறது.

அதைத் திருத்தவில்லை.

*

கரண்ட் போய்விட்டது. தவளைகள். கையை விரித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. விரல்கள் இருப்பது தெரிகிறது.

*

தூக்கம் வருகிறது.

1994இல் மாத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் இருவரும் எலி நடந்தபோது சேர்ந்து துடித்த அணுக்களைக் குறித்துவைத்தார்கள். எலி தூங்கியது. அதே அணுக்கள் மறுபடி சேர்ந்து துடித்தன. பின்னால் வந்த ஆய்வுகளில் வரிசையும் தெரிந்தது. நடந்த வழி, தூக்கத்தில், பல மடங்கு வேகத்தில்.

ஹிப்போகாம்பஸ் மேல் அடுக்குக்குச் சொல்கிறது. திரும்பத் திரும்பச் சொல்கிறது. நாளாக நாளாக மேல் அடுக்கே வைத்துக்கொள்கிறது.

22 வளைவுகள். உடல் படுத்திருக்கிறது. கண்மூடினால் இடப்பக்கம் சாய்கிறது. வலப்பக்கம் சாய்கிறது.

*

நடு இரவில் விழிப்பு. என்ன கனவு என்று தெரியவில்லை. அதன் ஈரம் மட்டும்.

*

2012இல் சுசுமு டொனேகாவாவின் ஆய்வகம். ஓர் அறையில் சுண்டெலிக்கு அச்சம் பதிந்தது. அந்த வேளையில் கிளர்ந்த ஹிப்போகாம்பஸ் அணுக்களை அடையாளமிட்டார்கள். பிறகு அச்சமில்லாத வேறோர் அறையில் அந்த அணுக்களின்மேல் மட்டும் ஒளியைப் பாய்ச்சினார்கள். சுண்டெலி உறைந்து நின்றது.

நினைவுக்கு உடல் உண்டு. ஒளி படுமளவு உண்டு.

ஆனாலும் சுண்டெலிக்கு அப்போது எப்படி இருந்தது என்பதை ஒளியால் எட்ட முடியவில்லை.

*

லட்சுமிக்குட்டி அம்மாவின் அறிவை நூலாக்க வனத்துறை எண்ணியிருப்பதாக 2018இல் செய்தி வந்தது.

எழுத வேண்டும். ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். பெயர், பாகம், அளவு, வேளை. ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பது ஒரு மழைக்காலத்தில் போய்விடும்.

ஓடைக்கரை தாளில் வராது. மணம் வராது. தாயின் குரல் வராது. அதற்கு ஒரு பிள்ளை கூட நடக்க வேண்டும். அட்டை கடிக்கக் கடிக்க நடக்க வேண்டும்.

இரண்டும் வேண்டும் என்று மனம் சொல்கிறது. எது முந்தி என்று கேட்டால் பதில் இல்லை.

*

வித்துரா பேருந்து நிலையம். டீசல் மணம். சாயாக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் மோதும் சத்தம். ஒருவர் தமிழில் விலை கேட்கிறார், கடைக்காரர் மலையாளத்தில் சொல்கிறார், இருவருக்கும் புரிகிறது.

விசிலடித்த குருவியின் மெட்டு மறுபடி வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை. ஜீப்பின் சத்தம் வருகிறது. பாலம் வருகிறது. பாதத்தில் குளிர் வருகிறது.

*

நெடுமங்காடு போகிற வண்டி. சன்னலோரம் இடம் கிடைக்கிறது. ரப்பர் மரங்கள் வரிசையாகப் பின்னால் போகின்றன. ஒவ்வொன்றிலும் சாய்ந்த கீறல், கீழே ஒரு சிரட்டை.

இவற்றில் எது தங்கும் என்பது இப்போது தெரியாது. பதிவது உறுதிப்படப் பல மணி நேரம் ஆகும். நேற்றைய சிலவற்றுக்கு அந்த வேலை இந்நேரம் நடந்துகொண்டிருக்கலாம். சிலவற்றுக்குத் தொடங்காமலே போயிருக்கலாம். எதற்கு எது என்று உள்ளிருந்து பார்க்க வழியில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார்.